மொய்க் கவரில் ஒரு டிப்ஸ்

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், ஓட்டலுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டார். பெட்டிகள் இன்னும் கார் டிக்கியில் இருந்தன. அறைச் சாவி கைக்கு வரவில்லை. மாடிப்படியில் வாளியும் மாப்புமாக ஒதுங்கி நின்ற பெண்ணிடம், "எங்க ரூமெல்லாம் நீங்கதான் பார்ப்பீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் தலையசைத்ததும் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

"இருக்கட்டும் அப்பா. போறப்ப குடுங்க" என்றாள் அவள்.

"போறப்ப நான் இருக்கேனோ இல்லையோ. வாங்கிக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் அந்தப் பெண் சொன்ன இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, போகும்போது கொடுங்கள் என்றாள், முறை தெரிந்தவள். இன்னொன்று, அவரை வந்ததும் வராததுமாக அப்பா என்றாள். பின்னாலேயே படியேறிய என்னைப் பார்த்து, "பார்த்து வாங்க சார், ஈரமா இருக்கு" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் வயதில் ஆறு வருடம்தான் வித்தியாசம். மூத்தவன் நான்.

ஆயுத பூசை விடுமுறைக்கு இரண்டு தம்பதிகளாகத் தரங்கம்பாடிக்குப் போயிருந்தோம். சகலையின் கார், சகலையின் யோசனை. ஓட்டல் செலவில் சரிபாதியை நான் முன்னாலேயே கொடுத்துவிட்டேன், அதில் பேச்சுக்கு இடமில்லை. நான் பாபநாசம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவன். அவர் துபாயில் ஒரு கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளைக்கு முதல் இலை என்பது வழக்கம். அந்த இலையில் எனக்கு அப்பளம் ஒன்று வைத்துவிட்டு அடுத்த இலையில் அவருக்கு இரண்டு வைப்பார்கள். அப்போதிருந்தே இது நடக்கிறது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் நான் சாமான்களைச் சரிபார்த்தேன். தலையணை நான்கு, பூத்துண்டு இரண்டு, சோப்பு இரண்டு, தண்ணீர் பாட்டில் இரண்டு. என் மனைவி ஜன்னல் திரையை விலக்கிக் கடலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்:

"மாமாவோட கை உங்களுக்கு வரலை. சம்பந்தமே இல்லாம இவருக்கு வந்திருக்கு பாருங்க."

மாமா என்றால் என் அப்பா. இதை அவள் கேலியாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் கேலியாகச் சொல்லவில்லை.

என் அப்பாவுக்கு மூன்று வேலி, அதாவது இருபது ஏக்கர் நிலம் இருந்தது. அறுவடை முடிந்து, களத்தில் கூலி முழுவதும் அளந்து தீர்ந்த பிறகு, தூற்றிக் குவித்த நெல்லிலிருந்து மேலாக அள்ளி ஆட்களுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குக் களவடி என்று பெயர். கூலிக்குக் கணக்கு உண்டு. களவடிக்குக் கணக்கில்லை, கொடுக்கிறவர் கைதான் கணக்கு. என் அப்பா கையை ஊரே சொல்லும். கல்யாணமாகி முதல் தையில் என் மனைவியும் அதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் மரக்காலைப் பிடித்து அளந்தவன் நான். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று தொண்டை கட்டும்வரை எண்ணியவனும் நான். தூசியும் சுணையும் எனக்கு, பேர் அவருக்கு.

அந்தப் பேருக்கும் ஒரு தடவை சோதனை வந்தது. திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. எங்கள் பக்கத்தில் சிவப்புக் கொடி ஏறாத தெரு இல்லை. கூலியில் அரை லிட்டர் நெல் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்து மேட்டில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியைச் சாத்திவைத்துவிட்டு எங்கள் வீட்டு மோரைக் குடித்தார்கள். கடைசியில் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து பேசிக் கூலி முடிவானது. அந்த வருடம் அளந்து முடிந்ததும் அப்பா வழக்கம்போல் குவியலில் மரக்காலை விட்டு அள்ளினார். ஆட்களில் மூத்தவர் துண்டை விரிக்கவில்லை. தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் கூலியிலயே சேந்துருச்சுங்க" என்றார்.

அப்பா மரக்காலைக் குவியலிலேயே கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் குத்தகைச் சட்டம், உச்சவரம்பு, பங்காளி வழக்கு என்று நிலம் கரைந்தது. அப்பா மட்டும் கொடுப்பதை நிறுத்தவில்லை. பேருந்து நடத்துநரிடம் மீதி வாங்க மாட்டார். எனக்கு மிஞ்சியது ஊரார் நிலத்துக்கெல்லாம் பட்டா எழுதும் வேலை.

ஆகவே தரங்கம்பாடியில் முதல் நாள் மாலையே நான் முடிவு செய்துவிட்டேன். கடைசி நாள், கிளம்பும்போது, எல்லார் எதிரிலும், சகலை கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பது. அதை என் மனைவி பார்க்க வேண்டும். அதுவரை சல்லிக்காசு கிடையாது. களம் முடிந்துதான் களவடி.

மறுநாள் காலை கோட்டை வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம். மச்சினி தங்கள் அறைக்கதவைத் திறந்ததும், "அக்கா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். என் மனைவி போனாள். பின்னாலேயே நானும் போனேன். கட்டிலின் நடுவில் பூத்துண்டு ஓர் அன்னமாக உட்கார்ந்திருந்தது. கழுத்து வளைந்து, சிறகு மடிந்து, பக்கத்தில் இரண்டு செம்பருத்தி. எங்கள் அறையில் துண்டு வெறும் துண்டாகவே இருந்தது. சதுரமாக மடித்து வைத்திருந்தாள், குறை சொல்ல முடியாது. ஆனால் செவ்வகத்துக்கும் அன்னத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா. அவர்கள் அறையில் தண்ணீர் பாட்டில் நான்கு. எங்களுக்கு அதே இரண்டு.

என் மனைவி அன்னத்தைப் போனில் படம் எடுத்து எங்கள் மகளுக்கு அனுப்பினாள். "உங்க ரூமாம்மா?" என்று மகள் பதில் போட்டிருக்கிறாள். "சித்தி ரூம்" என்று இவள் எழுதியதை நான் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன்.

அவள் குளிக்கப் போனபோது நான் ஒரு துண்டை எடுத்து இரண்டு ஓரத்தையும் உள்ளே சுருட்டிப் பார்த்தேன். கழுத்து நிற்கவில்லை. இன்னொரு விதமாக மடித்தேன், நண்டு மாதிரி வந்தது. குளியலறைக் கதவு திறந்தது.

"என்ன பண்றீங்க?"

"துண்டு ஈரமா இருந்துச்சு. காயப் போடுறேன்."

"கட்டில் மேலயா?"

சாப்பாட்டுக் கூடத்திலும் இதே கதைதான். பரிமாறுகிறவரிடம் சகலை என்ன கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வஞ்சிரம் வறுவலில் நடுத்துண்டு அவர் தட்டுக்கும் வால் துண்டு என் தட்டுக்கும் வந்தது. தோசை அவருக்கு வந்த பிறகுதான் எனக்கு. அந்தப் பெண் துணி மூட்டையோடு தாழ்வாரத்தில் எதிரே வந்தால், "அப்பா, சாப்டீங்களா? இன்னைக்கு எறா நல்லா இருக்கும், சொல்லி வாங்கிச் சாப்பிடுங்க" என்பாள். என்னிடம், "ரூம் பண்ணிரலாமா சார்?" என்பாள். மரியாதைக் குறைவில்லை. அப்பா இல்லை, அவ்வளவுதான்.

மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"வேலை பாக்குறதுக்கு முன்னாடியே குடுத்தா அதுக்கு வேற பேரு, சகலை."

"என்ன பேருண்ணே?"

"நான் தாலுகா ஆபீஸ்ல இருந்தவன். எனக்குத் தெரியாதா?"

"அதான் நானும் சொல்றேன். தாலுகா ஆபீஸுக்குத் தெரியாத பேரா?"

மச்சினி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி பொத்திக்கொள்ளவில்லை. நன்றாகவே சிரித்தாள்.

"களம் முடிஞ்சு குடுக்குறதுதான் முறை" என்றேன். "வேலையப் பாத்துட்டுக் குடுக்கணும்."

"அண்ணே, களத்துல ஆளு கடைசி வரைக்கும் நிப்பாரு. ஓட்டல்ல இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர். யாரு வேலை பாத்தா, யாரு வாங்குறான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீங்க குடுக்கறதா இருந்தாதானே தெரியணும்" என்றாள் என் மனைவி. மணலைத் தட்டிவிட்டு எழுந்து தங்கையோடு அலைப்பக்கம் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவர்கள் அறையில் அன்னம் போய் யானை வந்தது. தும்பிக்கை தூக்கிய யானை. அதை நான் பார்க்கப் போகவில்லை. மச்சினி பேசிய சத்தத்திலிருந்து தெரிந்தது.

அன்று மாலை காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மொய்க் கவர் வாங்கினேன். வெறும் தாளாக நீட்டுவது சகலை செய்கிற காரியம். இது முறையாக இருக்க வேண்டும். நல்வாழ்த்துகள் என்று தங்க எழுத்தில் அச்சடித்து, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே வருகிற கவர். உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டு வைத்தேன். ஆயிரத்து ஒன்று. கவரின் மேல் என் பெயரை எழுதினேன், இனிஷியலோடு. ஊரையும் எழுதினேன், மொய்யில் ஊர் எழுதாவிட்டால் யாருடையது என்று குழப்பம் வரும். யோசித்து, அறை எண்ணையும் எழுதினேன்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கவரைப் பையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெட்டிகள் இறங்கின. துணி மூட்டையோடு ஒரு பெண் வந்தாள். அவள் இல்லை. கண்ணாடி போட்ட, ஒல்லியான வேறு ஒருத்தி. அவள் எங்கள் அறைக்குள் போய்ப் படுக்கை விரிப்பை உருவ ஆரம்பித்தாள். நான் கீழே வந்து ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அக்காவுக்கு இன்னைக்கு லீவு சார். வயல்ல நடவு."

"நடவு வேலைக்கும் போறாங்களா?"

"அவங்க வயல்லதான் சார். இங்க தண்ணி இப்பதானே வந்துச்சு, விட்டா முடியாதுன்னு நேத்து ராத்திரியே சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அங்கேயே நின்ற சகலை, "என்னண்ணே, ஏதாவது குடுக்கணுமா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை, சட்டைப்பையில் தங்க எழுத்து தெரிந்துவிட்டது. "எங்கிட்ட அவங்க போன் நம்பர் இருக்கு. இப்பவே போன்ல போட்டு விட்டுர்றேன். நீங்க எங்கிட்ட அப்புறமா குடுத்தாப் போதும்."

"நம்பர் எப்படி?"

"கருவாடு எங்க நல்லா கிடைக்கும்னு கேட்டேன். கடைக்காரர் நம்பரோட தன் நம்பரையும் குடுத்துச்சு."

என் பணம் அவர் போனிலிருந்து போகும். அங்கே போய் அவர் பெயரில் விழும். அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, அப்பா மறுபடியும் அனுப்பியிருக்கிறார் என்று நினைப்பாள். இதை யோசித்தபோது எனக்குக் காது சூடேறியது.

"வேணாம். நேர்லயே குடுக்கறேன். ஊரு எங்க?"

போகிற வழியில்தான், ஆக்கூர் தாண்டி ரோட்டோரமே வயல், பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கும் என்றாள் ரிசப்ஷன் பெண். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா என்று தெரியவில்லை. காரில் ஏறும்போது, "என்ன கவர் அது? யாருக்குக் கல்யாணம்?" என்று மட்டும் கேட்டாள்.

மோட்டார் கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாதி ஊரில் மெஷின் நடவு ஆகிவிட்டது. அந்த ஒரு வயலில்தான் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். பதினோரு பேர். சகலை காரை ஓரங்கட்டினார். "போயிட்டு வாங்கண்ணே, எனக்கு ஷூ" என்றார். என் மனைவி காரின் கதவைத் திறந்து, காலை வெளியே தொங்கப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதும் எனக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.

அவள் எதிர் வரப்பில், புடவைக்கு மேல் ஒரு பழைய ஆண் சட்டை போட்டுக்கொண்டு, நாற்றுமுடிகளை எடுத்து வரிசைக்கு வரிசை வீசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

"வாங்க சார். என்ன, ரூம்ல எதாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா? சார்ஜரா?"

இல்லையென்று சொல்லி நான் பைக்குள் கைவிட்டதுதான் தாமதம். வரிசையின் ஓரத்திலிருந்த வயதான அம்மா நிமிர்ந்து, கையிலிருந்த நாற்றுமுடியை என் காலடியில் போட்டார். நடவு நடக்கும் வயலின் வரப்பில் யார் வந்தாலும் காலடியில் நாற்றுமுடி விழும். காசு போடாமல் அதைத் தாண்டக்கூடாது. மிராசுதார் வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியும். எத்தனை தடவை அப்பா காலடியில் விழுந்து பார்த்திருக்கிறேன். ஓட்டலையும் அன்னத்தையும் யோசித்துக்கொண்டு வந்ததில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பர்ஸ் காரில் இருந்தது. கையில் கவர்.

"இது அவங்களுக்கும்மா" என்று அந்தப் பெண்ணைக் காட்டினேன்.

"யாருக்கு, வயக்காரம்மாவுக்கா? குனிஞ்சு நடுறது நாங்க, மொய்யி அதுக்கா?"

"பெரியவரு வரப்பு மாறி வந்துட்டாரு போல" என்றாள் இன்னொருத்தி.

"கவரு போட்டுல்ல கொண்டாந்துருக்காரு. பந்தி எங்கன்னு கேளுங்கடி."

பதினோரு பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

"அவங்களுக்கே குடுத்துருங்க சார். எனக்கு இங்க வேணாம். இங்க நான் வாங்கினா நல்லாருக்காது, குடுக்குற இடத்துல நிக்கிறேன்."

நான் குனிந்து கவரை நாற்றுமுடியின் மேல் வைத்தேன். அந்த வயதான அம்மா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பிரித்தார். உள்ளே பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஆயிரத்து ஒண்ணு" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். ஒருத்தி குலவையிட்டாள். பிறகு எல்லாரும். அந்தச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். நான் ரோட்டைப் பார்த்தேன். சகலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"எவ்வளவு நிலம்மா?"

"மூணு மா சார். தாத்தாவுக்கு கவர்மெண்டு குடுத்தது ஒரு மா. ரெண்டு நான் வாங்கினது."

மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அவள் சொல்வதற்கு முன்பே கண்ணால் அளந்து அதைத்தான் நினைத்திருந்தேன்.

"பட்டா?"

"எம்பேர்லதான் சார்."

இதைச் சொல்லும்போது அவள் கண் என்மேல் இல்லை, கடைசி வரிசையில் நாற்று நெருக்கமாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. என் கையால் எத்தனை ஆயிரம் பட்டா எழுதியிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. என் பெயரில் ஒன்றுகூட எழுதியதில்லை. அவள் என் அப்பா நிற்பதுபோல் வரப்பில் நின்றாள், ஒரு கை இடுப்பில், ஒரு கையில் நாற்றுமுடி. அத்தனை நாள் யார்மேல் எரிந்துகொண்டிருந்தேனோ அந்தச் சகலையை அப்போதுதான் முதன்முதலாக மறந்தேன். மறந்ததை அவளே ஞாபகப்படுத்தினாள்.

"அப்பா எறங்கலையா சார்? இன்னைக்கு இவங்களுக்கு டீ, வடையெல்லாம் அவரு குடுத்ததுலதான் வாங்கினேன். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வரப்பில் நடந்தேன்.

காரில் ஏறியதும் சகலை போனை வைத்துவிட்டுக் கேட்டார். "குடுத்தாச்சாண்ணே? என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் என் மனைவி தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அவ்வளவையும் குடுத்துட்டீங்க. நான் நம்பலை, ஆனா பாத்தேன்." நான் காத்திருந்தேன். "ஆனா மாமா குடுத்துட்டுத் திரும்பிப் பாக்க மாட்டாரு. நீங்க ரோட்டுக்கு ஏறுறதுக்குள்ள மூணு தடவை திரும்பிப் பாத்தீங்க. அவ்வளவு மனசு அடிச்சுக்குச்சா, அந்தப் பணத்துக்கு?"

மூன்று தடவை என்பது சரிதான். ஆனால் பணத்தைப் பார்க்கவில்லை. பட்டா யார் பெயரில் என்று கேட்டால் என் பெயரில்தான் என்று யோசிக்காமல் சொல்கிறவள் எப்படி நிற்கிறாள் என்று பார்த்தேன். அதை அவளிடம் சொன்னால், ஒரு நடவுக்காரப் பெண்மேல் கூடவா உங்களுக்குப் பொறாமை என்று கேட்பாள்.

"ஆமாம், பணத்துக்குத்தான்" என்றேன்.

மயிலாடுதுறை வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபுறமும் பச்சையாக வந்துகொண்டிருந்த ஒவ்வொரு வயலும் எத்தனை மா இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன்.